காப்பது ஆசையா, கடமையா?

உங்கள் வீட்டு பூஜை அறையின் கீழ்த்தட்டில் அந்த டப்பா இருக்கிறதா? ஓட்டைக் காலணா, ராணி தலை போட்ட வெள்ளி ரூபாய் என்று பாட்டி சேர்த்து வைத்துவிட்டுப் போன நாணயங்கள். ‘உலோகத்தின் மேல் இவ்வளவு பற்று வைக்கலாமா?’ என்று மனம் சில சமயம் கேட்கும்.

2015 டிசம்பரில் சென்னையை நினைத்துப் பாருங்கள். அடையாற்று வெள்ளம் சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் வீடுகளுக்குள் புகுந்தது. அப்படியொரு இரவில் டப்பாவைத் தேடுவதா, நடக்க முடியாத மாமியாரைக் கைத்தாங்கலாக அழைத்துப் போவதா? பதில் தெரியும். ஆனாலும் மனம் ஒரு நிமிடம் தயங்கும். தண்ணீர் தயங்காது.

அந்த ஒரு நிமிடத் தயக்கம்தான் பற்று. மழைக்காலம் வருமுன்பே செய்கிற ஏற்பாடு கடமை. நாணயங்களைக் காற்றுப் புகாத டப்பாவில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு பரணில் ஏற்றிவிடுங்கள். ஒவ்வொன்றையும் படம் எடுத்து, வெளியூரில் இருக்கும் பிள்ளைக்கு அனுப்பி வையுங்கள். பளபளக்க வேண்டுமென்று புளி போட்டுத் தேய்க்காதீர்கள். பழமைப் படலம் போனால் மதிப்பும் போய்விடும். வெள்ளத்தில் நனைந்துவிட்டால் நல்ல தண்ணீரில் அலசி, பருத்தித் துணியால் ஒற்றி, நன்றாக உலர்த்தினால் போதும்.

பாட்டி தந்தது உங்கள் சொத்தல்ல. பேத்திக்காக உங்களிடம் இருக்கும் அடைக்கலப் பொருள். அதைக் காப்பதில் பாவம் இல்லை. செய்ய வேண்டியதை முன்பே செய்து முடித்தவர்தான், வெள்ளம் வரும் நாளில் திரும்பிப் பாராமல் படியிறங்க முடியும், மாமியாரின் கையை மட்டும் பிடித்துக்கொண்டு.