அனுதாபம் போதுமா?

“எல்லாம் விதி” என்று பெருமூச்சு விடுவார் உறவினர். “எது வேண்டுமானாலும் கேள்” என்று விடைபெறுவார் நண்பர். தனியே வாழ்ந்து புற்றுநோயுடன் போராடுபவருக்கு இரண்டாலும் பயனில்லை. கேட்பதற்கும் வலிமை வேண்டுமே!

உடன்பிறந்தாளைக் கொன்ற நோயை விதியென்று வணங்காமல், 1954இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை கண்டார் டாக்டர் முத்துலட்சுமி அம்மையார். மருந்தை அங்கே பெறலாம். ஆனால் கீமோ சிகிச்சையால் வெள்ளணுக்கள் குறைந்த உடலில், நள்ளிரவில் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால், விடியும்வரை காத்திருப்பதே ஆபத்து. அப்போது அழைத்துச் செல்வது யார்? ஆண்டவனா?

தோழர்களே! கஞ்சி காய்ச்ச ஒருவர், துணி துவைக்க ஒருவர், இரவுத் துணைக்கு ஒருவர் என முறை வகுப்போம். அவர் ஒப்புதலோடு வகுப்போம். நோயுற்றவர் தன்மானம் இழந்தவரல்லர்.

பிறப்பால் வந்த உறவுக்கே கடமை உண்டென்பது பழமை; தேர்ந்து கொண்ட தோழமைக்கும் உண்டென்பதே சுயமரியாதை!