சொன்னவரும் கேளாதவரும்

நாட்டின் பாதுகாப்பு என்றவுடன் துப்பாக்கியும் சோதனைச் சாவடியுமே நம் கண்முன் நிற்கின்றன. நம்மிடம் வந்து சேரும் எச்சரிக்கை ஓர் அமானிதம் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு. இலங்கையில் கொச்சிக்கடை, நீர்கொழும்பு, மட்டக்களப்பு ஆகிய இடங்களிலுள்ள மூன்று தேவாலயங்களிலும், கொழும்பின் மூன்று பெரிய ஓட்டல்களிலும் குண்டுகள் வெடித்தன. 250க்கும் மேற்பட்டோர் மாண்டனர். வழிபட வந்த குழந்தைகளும் அவர்களுள் அடங்குவர். அக்கொடுமையைப் புரிந்தோர் நம் மார்க்கத்தின் பெயரை நாவில் தரித்திருந்தனர் என்று எழுதவும் நாணுகிறோம். அவர்களுடைய உடல்களை நல்லடக்கத்துக்கு ஏற்க மாட்டோம் என அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா அறிவித்தது.

இந்திய உளவுத்துறையின் எச்சரிக்கை ஏப்ரல் 4ஆம் நாளே கொழும்புக்குக் கிட்டியிருந்தது. பதினேழு நாட்கள்! செய்தி மேசைக்கு மேசை நகர்ந்தது. தேவாலயத்தின் வாயிலை மட்டும் எட்டவில்லை. 2023 ஜனவரியில் இலங்கை உச்ச நீதிமன்றம், முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன தம் கடமையில் தவறினார் எனக் கண்டு, 10 கோடி ரூபாயைத் தம் சொந்தப் பணத்திலிருந்து இழப்பீடாக வழங்கப் பணித்தது.

நம்மை வருத்துவது வேறொன்று. அக்கூட்டத்தின் தலைவன் ஸஹ்ரான் காத்தான்குடியைச் சேர்ந்தவன். 2017 மார்ச்சில் அவனுடைய ஆட்கள் அவ்வூர் ஸூஃபி வழியினரோடு மோதிய பின்னர், அவனைக் கைது செய்யுமாறு முறையிட்டவர்கள் அங்குள்ள முஸ்லிம்களே. ‘நம்மவனைக் காட்டிக் கொடுக்கலாமா?’ என்று கேட்போர் நம் வீடுகளில் இன்றும் உண்டு. குற்றமற்றவனைப் பகைவனிடம் ஒப்படைப்பதன்றோ காட்டிக் கொடுத்தல்? கொலைக்கு ஓங்கிய கையைப் பற்றி நிறுத்துவது அக்கைக்குரியவனுக்கும் செய்யும் உதவியாகும். உறவினருக்கு எதிராயினும் நீதிக்குச் சாட்சியாக நிற்குமாறு திருமறை நம்மைப் பணிக்கிறது.

சொன்ன சமுதாயத்துக்குக் கிடைத்ததென்ன? 2019 மே மாதத்தில் குருநாகல் மாவட்டத்திலும் மினுவாங்கொடையிலும் பள்ளிவாசல்களும் கடைகளும் தாக்கப்பட்டன. சொன்னவரையும் சொல்லாதவரையும் தீ பிரித்தறியவில்லை. அச்சத்தில் ஒடுங்கிய தெருவிலிருந்து அடுத்த எச்சரிக்கை எவ்வாறு வரும்? பாதுகாப்பைப் பேசுவோர் இதற்கு விடை கூறக் காணோம்.

2018 டிசம்பரில் மாவனல்லைப் பகுதியில் புத்தர் சிலைகள் சேதப்படுத்தப்பட்டபோது, அவ்விசாரணையில் காவல்துறைக்குத் துணை நின்றார் முஸ்லிம் ஒருவர். 2019 மார்ச்சில், தம் வீட்டில் உறங்கிக் கொண்டிருந்த அவரைத் தலையில் சுட்டனர். அவர் உயிர் பிழைத்தார். அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு அப்போது இன்னும் ஆறு வாரங்கள் இருந்தன.