மாக்கோழியும் அட்டை மனிதனும்

துப்பாக்கி சுடும் போட்டியில் சமணக் குடும்பத்துப் பிள்ளைகள் கலந்துகொள்ளலாமா என்னும் வினா நம்மிடையேயும் எழுந்துவிட்டது. முன்பெல்லாம் இப்படி ஒருவர் கேட்டிருந்தால் சிரித்திருப்போம். இன்று சிரிக்க முடியவில்லை. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2019-இல் ரியோவில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில் தங்கம் வென்றார். புதுக்கோட்டை அரச குடும்பத்தைச் சேர்ந்த பிருத்விராஜ் தொண்டைமான், 2023-இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் தங்கம் பெற்ற இந்திய அணியில் இருந்தார். 2022 ஜூலையில் திருச்சியில் நடந்த மாநிலப் போட்டியில் நடிகர் அஜித்குமார் கலந்துகொண்ட பிறகு, இளைஞர்கள் பலர் இந்த விளையாட்டைத் திரும்பிப் பார்த்தார்கள். மதுரையிலும் ரைபிள் கிளப் உண்டு. பள்ளிப் பிள்ளைகள் காற்றுத் துப்பாக்கி பழகுவது இப்பொழுது அதிசயமன்று.

அண்மையில் என் பழைய மாணவி ஒருவர் தொலைபேசியில் கேட்ட கேள்வி இதைவிடச் சிக்கலானது. அவருடைய மகன் அமெரிக்காவில் பணிபுரிகிறான். அங்கே மறைந்த நண்பர் ஒருவரின் நினைவாகச் சுடும் போட்டி நடத்துகிறார்களாம். நுழைவுக் கட்டணம் முழுவதும் ஏழை நோயாளிகளின் சிகிச்சைக்குப் போகிறது. "நல்ல காரியத்துக்குத்தானே டீச்சர், போனால் தப்பா?" என்றார் அவர்.

அவன் போகவிருப்பது 'பிராக்டிகல் ஷூட்டிங்' என்னும் வகை. அதன் பன்னாட்டுக் கூட்டமைப்பு 1976-இல் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்துக் கொலம்பியா நகரில் தோன்றியது. துல்லியம், ஆற்றல், வேகம் என்னும் மூன்றும் அதன் குறிக்கோள்கள். போட்டியாளர் ஓரிடத்தில் நின்று சுடுவதில்லை. ஓடுகிறார், தடுப்புகளின் பின்னிருந்து எட்டிப் பார்க்கிறார், ஆங்காங்கே நிறுத்திய அட்டைகளைச் சுடுகிறார். பெற்ற புள்ளிகளை எடுத்துக்கொண்ட நேரத்தால் வகுத்து வெற்றியாளரைத் தேர்கிறார்கள்.

'தப்பு' என்று ஒரு சொல்லில் முடித்திருக்கலாம். ஆனால் அந்தச் சொல்லைச் சொல்லும் உரிமை நமக்கு எவ்வளவு உண்டு என்று யோசிக்க வேண்டியிருந்தது. நம்மவர் நகைக்கடை வாயிலில் நிற்கும் காவலாளியின் தோளிலும் துப்பாக்கிதான் தொங்குகிறது. கங்கர்களின் அமைச்சராகவும் படைத்தலைவராகவும் இருந்து போர்க்களங்கள் கண்ட சாமுண்டராயரே சிரவணபெளகொளவில் பாகுபலி பகவானின் பேருருவை எழுப்பினார். நம் ஆன்றோர் இதை அறியாதவர்கள் அல்லர். அடுப்படியிலும் வீட்டு வேலையிலும் நேர்வது ஆரம்பி, தொழிலில் நேர்வது உத்யோகி, தற்காப்பில் நேர்வது விரோதி, கொல்ல வேண்டும் என்று கருதியே செய்வது சங்கல்பி என்று ஹிம்சையை நான்காகப் பிரித்து, இல்லறத்தார் அறவே விலக்க வேண்டியது கடைசியில் சொன்னது என்று வைத்தார்கள்.

விளையாட்டை இந்த நான்கில் எதில் சேர்ப்பது? அடுப்பும் இல்லை, பிழைப்பும் இல்லை, எதிரியும் இல்லை. சாகும் உயிரும் இல்லை. துளைபடுவது அட்டை. ஆகவே குற்றமே இல்லை என்று அந்தப் பிள்ளை வாதிடலாம். இந்த வாதத்திற்கு நம் இலக்கியத்தில் மிகப் பழைய விடை ஒன்று இருக்கிறது.

யசோதர காவியம் ஐஞ்சிறு காப்பியங்களுள் ஒன்று. தீக்கனவு கண்ட மன்னன் யசோதரனை அவன் தாய் சந்திரமதி தேவிக்கு உயிர்ப்பலி கொடுக்கச் சொல்கிறாள். அவன் மறுக்கிறான். பிறகு தாயின் மனம் கோணாதிருக்க, மாவினால் ஒரு கோழி செய்து அதை வெட்ட இசைகிறான். வெட்டப்பட்டது பிசைந்த மாவு. ஒரு துளி இரத்தம் சிந்தவில்லை. ஆனாலும் அந்த வினை தாயையும் மகனையும் விடவில்லை. மயிலும் நாயுமாகத் தொடங்கி விலங்குப் பிறவிகள் பலவற்றில் அவர்களை அலைக்கழிக்கிறது. கோழி என்று கருதி வெட்டினார்களே, அந்தக் கருத்துதான் பாவ ஹிம்சை. கை செய்யும் திரவிய ஹிம்சைக்கு முன்னால் மனம் செய்து முடித்துவிடும் ஹிம்சை அது.

கதை அத்துடன் நிற்கவில்லை. கடைசியில் இருவரும் உண்மையான கோழிகளாகவே பிறந்து கூவுகிறார்கள். அப்போது அரசனாக இருப்பவன் யசோதரனின் சொந்த மகன் யசோமதி. ஒலி வந்த திசையை மட்டும் கொண்டு குறி தப்பாமல் எய்யும் தன் திறமையைத் தேவிக்குக் காட்ட எண்ணி அம்பு விடுகிறான். தந்தையும் பாட்டியும் ஒரே அம்பில் மாய்கிறார்கள். அவனுக்குப் பசியும் இல்லை, பகையும் இல்லை. கைத்திறனைக் காட்டும் ஆசை ஒன்றே இருந்தது. குறிபார்க்கும் போட்டியைப் பற்றி யோசிக்கும் எவரும் இந்த இடத்தைத் தாண்டிப் போக முடியாது என்று நினைக்கிறேன்.

துப்பாக்கி விளையாட்டின் வரலாற்றிலும் மாக்கோழி உண்டு. 1900-இல் பாரிஸ் ஒலிம்பிக்கின்போது உயிருள்ள புறாக்களைப் பறக்கவிட்டுச் சுட்டார்கள். ஏறத்தாழ 300 பறவைகள் மாண்டன. பிற்பாடு புறாவுக்குப் பதிலாகச் சிறு தட்டுகளை வீசினார்கள். அந்தத் தட்டுக்கு இன்றும் ஆங்கிலத்தில் 'மண் புறா' என்றே பெயர். 1908 இலண்டன் ஒலிம்பிக்கில் மான் வடிவப் பலகையை ஓடவிட்டுச் சுட்டார்கள். பின்னாளில் அந்த மானும் ஒலிம்பிக்கிலிருந்து மறைந்தது. பறவை தட்டாயிற்று, விலங்கின் வடிவம் விலகிற்று. பத்து மீட்டர் தூரத்தில் காற்றுத் துப்பாக்கியோடு நிற்கும் சிறுமியின் முன்னால் இருப்பவை கறுப்பு வட்டமும் ஒரு புள்ளியும் மட்டுமே. புள்ளியை எவரும் வெறுப்பதில்லை.

என் மாணவியின் மகன் செல்லும் போட்டியில் வழி எதிர்த்திசையில் போகிறது. அங்கே சில அட்டைகள் தலையும் தோளுமாக மனித உருவில் வெட்டப்பட்டவை. தலையில்லாத எண்கோண அட்டைகளும் வழக்கில் உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் வடிவத்தை மாற்றினாலும் மாறாத ஒன்று அந்த ஆட்டத்தின் விதிகளிலேயே இருக்கிறது. சுட வேண்டிய அட்டைகளுக்கு நடுவே, சுடக்கூடாத அட்டைகளையும் வைக்கிறார்கள். அவற்றில் ஒரு குண்டு பட்டால் பத்துப் புள்ளி குறையும். எதற்காக? அவை வழியில் அகப்பட்டுக்கொண்ட நிரபராதிகள் என்று பாவனை. இதைக் கேட்டவுடன் எனக்கு ஐயம் நீங்கிவிட்டது. ஓர் அட்டை நிரபராதியாக முடியுமானால், அதன் பக்கத்தில் நிற்கும் அட்டை வெறும் அட்டையாக இருக்க முடியாது. அது குற்றவாளி. அதாவது கொல்லத் தக்கவன். யாரைக் கொல்லலாம், யாரைக் கொல்லலாகாது என்பதை நொடிப்பொழுதில் பிரித்துச் சுடக் கையையும் கண்ணையும் பழக்குவதே அந்த ஆட்டம். காவலருக்கும் படைவீரருக்கும் அந்தப் பழக்கம் தேவையாகலாம். நிரபராதியைக் காக்க அது உதவும் என்பதையும் மறுக்கவில்லை. சனிக்கிழமை பொழுதுபோக்குக்காக ஓர் இல்லறத்தான் அதை ஏன் மனத்தில் ஏற்றிக்கொள்ள வேண்டும்? பயனின்றித் தீங்கை எண்ணுவதை அபத்தியானம் என்று பெயரிட்டு, அனர்த்த தண்ட விரதத்தில் விலக்கியிருக்கிறார்கள். கொலைக் கருவியைப் பிறருக்குக் கொடுப்பதும் அதே விரதத்தில் விலக்கப்பட்டதுதான்.

"எனக்குப் புள்ளியும் கடிகாரமும் தவிர எதுவும் மனத்தில் இல்லை" என்று அவன் சொல்லக்கூடும். அவன் பொய் சொல்வதாக நான் கருதமாட்டேன். யசோதரனும் தாயின் மனத்தைத்தான் நினைத்தான்.

இனி, நன்கொடை. தானம் நான்கு என்பது நம் வழக்கு: உணவு, மருந்து, கல்வி, அபயம். போட்டிக் கட்டணத்தால் நோயாளிக்கு மருந்து கிடைத்தால் அந்த மருந்து மருந்தேதான். அதில் மாசு இல்லை. ஆனால் மருந்தைத் தருவது அந்தப் பணம், சுடுவது தருவதன்று. இரண்டையும் ஒரே சீட்டில் எழுதிவிடுவதால் ஒன்றின் புண்ணியம் மற்றொன்றின் மேல் ஒட்டிக்கொள்ளாது. மதுரையைச் சுற்றியுள்ள குன்றுகளுக்குச் சென்றவர்கள் இதை எளிதில் உணர்வார்கள். மாங்குளத்துக் குகைத்தளங்களின் தமிழிக் கல்வெட்டுகளில் வெள்ளறை நிகமம் என்னும் வணிகக் குழுவினர் இடம்பெறுகிறார்கள். துறவிகளுக்குக் கற்படுக்கை அமைத்துக் கொடுக்க அந்த வணிகர்களுக்கு எந்தப் பந்தயமும் தேவைப்படவில்லை. கையில் இருந்ததைக் கொடுத்தார்கள். பந்தயம் வைத்தால்தான் கை நீளும் என்ற நிலைக்கு நாம் எப்போது வந்தோம் என்று தெரியவில்லை. இது துப்பாக்கிப் போட்டிக்கு மட்டும் சொன்னதன்று. நம்முடைய சில விழாக்களின் ஏலங்களையும் நினைத்துத்தான் சொல்கிறேன்.

நான்காவது தானமாகிய அபயம், அஞ்சியவரின் அச்சத்தைப் போக்குவது. அடைக்கலம் தரும் இடங்களை 'அஞ்சினான் புகலிடம்' என்றே அழைத்தார்கள். மனிதனை நினைவூட்டும் உருவத்தைச் சுட்டுச் சேர்த்த பணத்தில் மருந்து வாங்கும்போது, ஒரு தானத்தைச் செய்ய இன்னொரு தானத்தின் எதிர்ப்பக்கம் போய் நிற்கிறோம்.

நினைவுப் போட்டி என்பதை மட்டும் நான் குறை கூறமாட்டேன். இறந்தவர் எதை விரும்பினாரோ அதைச் செய்து நினைப்பது மனித இயல்பு. நம் நாட்டிலேயே அகில இந்தியத் துப்பாக்கிப் போட்டி ஒன்று ஜி.வி. மாவலங்கர் பெயரால் நடக்கிறது. தேசியப் போட்டிக்கு ஏறும் படி அது. அவர் மக்களவையின் முதல் சபாநாயகர். காந்தியடிகளைப் பின்பற்றிச் சிறை சென்றவர். 1951-இல் தொடங்கிய தேசிய ரைபிள் சங்கத்தின் முதல் தலைவரும் அவரே. சிலருக்கு இது முரண்பாடாகப் படும். எனக்கு அப்படிப் படவில்லை. ஆனால் அந்தப் போட்டிக்குப் போகும் மதுரைப் பிள்ளைகளைப் புறப்படுமுன் தமுக்கத்தை அடுத்த காந்தி அருங்காட்சியகத்துக்கு ஒருமுறை அழைத்துச் செல்லலாம். 1948 ஜனவரி 30 அன்று படிந்த கறையோடு அண்ணலின் ஆடை அங்கே இருக்கிறது. அருகில் நின்று விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

போட்டியே கூடாது என்பதும் நம் மரபன்று. பரதனும் பாகுபலியும் மோத நேர்ந்தபோது, படைகள் அழியாதிருக்கக் கட்போர், நீர்ப்போர், மற்போர் என்னும் மூன்றால் தீர்த்துக்கொள்ள அமைச்சர்கள் வழிகண்டார்கள். கொலைக்கு மாற்றாகப் போட்டி வந்தது. மூன்றிலும் தோற்ற பரதன் சினந்து சக்கரத்தை ஏவினான் என்பதும் அதே கதையில்தான் வருகிறது.

ஆசிரியப் பணியில் இருந்தபோது பிள்ளைகளிடமிருந்து வாங்கி வைத்த உண்டிவில்கள் என் மேசை இழுப்பறையில் எப்போதும் சில கிடக்கும். புளியங்காய் அடித்தவனுக்கு மறுநாளே திருப்பிக் கொடுத்துவிடுவேன். ஓணான் அடித்தவனுக்கு ஆண்டு முடியும் வரை கிடையாது. வில் ஒன்றுதான். குறி தவறியபோது புளியங்காய்ப் பையன் சிரிப்பான். மற்றவன் பல்லைக் கடிப்பான்.

ஆகவே நான் சொன்னது இது. வட்டத்தைக் குறிபார்க்கும் காற்றுத் துப்பாக்கியை நம் பிள்ளைகள் பழகலாம். மூச்சை அடக்கி, விரலை அடக்கி நிற்கும் அந்தப் பயிற்சியில் நல்லதும் உண்டு. தோற்ற அன்று அவர்கள் முகத்தைப் பெற்றோர் கவனிக்கட்டும். வெட்டவெளியில் தட்டுச் சுடுவதற்கு முன், சிதறும் ஈயக் குண்டுகள் எங்கே விழுகின்றன என்று கேட்கட்டும். நீர்நிலை ஓரத்தில் கிடக்கும் ஈயத்தைக் கூழாங்கல் என்று விழுங்கிப் பறவைகள் நஞ்சேறிச் சாவது பல நாடுகளில் அறிந்த செய்தி. நம் ஊரைச் சுற்றிக் கண்மாய்கள் இருக்கின்றன. மனிதனைப் பாவித்த அட்டையைச் சுடும் ஆட்டத்தில், எவர் நினைவாக நடந்தாலும், எவர் மருந்துக்காக நடந்தாலும், சேர வேண்டாம்.

மாணவி சற்று நேரம் பேசவில்லை. பிறகு, நண்பர்கள் தவறாக நினைப்பார்களே என்று மகன் வருந்துவான் என்றார். நுழைவுக் கட்டணத்தைப் போல் இரு மடங்கு தொகையை அந்த நோயாளிகளுக்கு நேரே அனுப்பிவிட்டு, மறைந்தவரின் வீட்டுக்குப் போய் ஒரு மாலைப்பொழுது உட்கார்ந்து வரச் சொல்லுங்கள் என்றேன். போட்டிக்கு வராதவரின் பணம் வேண்டாம் என்று எந்த மருத்துவமனையும் திருப்பி அனுப்பியதாக நான் கேள்விப்பட்டதில்லை.