அப்ப எதுக்குப் புடிச்ச?

தாண்டிக்குடிக்குப் பக்கத்தில் நண்பனுக்கு ஒரு காப்பித் தோட்டம் இருக்கிறது. போன ஏப்ரலில் நாலு நாள் விடுப்புப் போட்டுவிட்டு அங்கே போயிருந்தேன். தோட்டத்துக்குள் ஒரு குட்டை, அதில் எப்போதோ விட்ட கெண்டைகள். கையோடு தூண்டிலும் கொண்டு போயிருந்தேன். ஆன்லைனில் வாங்கிய கார்பன் ராடு, ரீல், டப்பா நிறைய முள். அமெரிக்காவில் பனி உருகியதும் ஸ்மால்மவுத் பாஸ், பைக் என்று பிடித்துத் தள்ளுகிறவர்களின் வீடியோக்களை இரண்டு வருடமாகப் பார்த்த பாதிப்பு.

இரண்டாம் நாள் காலை ஒன்று மாட்டியது. ஒன்றரைக் கிலோ இருக்கும். ஐந்து நிமிடம் இழுத்தது, விட்டேன், இழுத்தேன். அந்த ஐந்து நிமிடம் எனக்கு ஆபீஸ், இஎம்ஐ எதுவுமே ஞாபகம் இல்லை. கரைக்குக் கொண்டுவந்து போட்டோ எடுத்தேன். கவாத்து வேலைக்கு வந்திருந்த பெரியவர் ஒருவர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"கொழம்பா, வறுவலா தம்பி?"

"இல்லங்கய்யா, திருப்பி விட்டுருவேன்."

"அப்ப எதுக்குப் புடிச்ச?"

சிரித்து மழுப்பினேன். ஆனால் அந்தக் கேள்வி என்னோடு பெங்களூர் வரைக்கும் வந்துவிட்டது.

நான் கையில் வைத்திருந்த பதில் சுலபமானது. கொன்று தின்பவனைவிட, பிடித்து விடுகிறவன் ஒரு படி மேல். உயிர் போகவில்லை, எனக்கும் சந்தோஷம், யாருக்கும் நஷ்டமில்லை. சுவிட்சர்லாந்தில் சட்டம் இதற்கு நேர் எதிராக இருக்கிறது என்று படித்தபோதுதான் முதல் இடி. திருப்பி விடும் எண்ணத்தோடு மீன் பிடிப்பது அங்கே தடை. தின்பதற்காகப் பிடிக்கலாம். பெரியவர் கேட்டதையேதான் அந்தச் சட்டமும் கேட்கிறது.

மீனுக்கு வலிக்குமா? 2003இல் லின் ஸ்னெடனும் சக ஆய்வாளர்களும் ரெயின்போ டிரவுட்டின் முகத்தில் வலியுணர் நரம்பு முனைகள் இருப்பதைக் காட்டினார்கள். நீலகிரி ஓடைகளில் வெள்ளைக்காரர்கள் தூண்டில் ஆட்டத்துக்காகக் கொண்டுவந்து விட்ட அதே இனம். உதட்டில் அமிலம் செலுத்தப்பட்ட மீன்களில் சில, உதட்டைத் தொட்டியின் கூழாங்கல்லில் தேய்த்தன. வெகுநேரம் தீனி எடுக்கவில்லை. பிரையன் கீ போன்றவர்கள் இதை மறுக்கிறார்கள். வலியை உணர்வதற்கான பெருமூளைப் புறணி மீனுக்குக் கிடையாது, இதெல்லாம் வெறும் அனிச்சை என்பது அவர்கள் கட்சி. விவாதம் முடியவில்லை. ஆனால் முடிவு தெரியாத விஷயத்தில் ஒன்றைக் கேட்கலாம்: என் கணிப்பு தப்பானால் நஷ்டம் யாருக்கு? 'வலிக்கும்' என்று தப்பாக நினைத்தால் எனக்கு ஒரு பொழுதுபோக்கு போகும். 'வலிக்காது' என்று தப்பாக நினைத்தால் விலை கொடுப்பது மீன்.

இதில் 'இயற்கையின் நியதி' என்ற சாக்கும் பழனி மலையில் செல்லாது. கொடைக்கானல் ஏரியே 1863இல் மதுரை கலெக்டர் லெவிஞ்ச் கரை கட்டி உண்டாக்கியது. கண்ணாடிக் கெண்டை 1939இல் சிலோனிலிருந்து ஊட்டிக்கு வந்தது. ஏரியும் மீனும் மனிதன் வைத்தவை. கொண்டுவந்து விட்டவர்களுக்குப் பொறுப்பு கூடுமே தவிர, குறையாது.

அடுத்தது 'யாருக்கும் நஷ்டமில்லை' என்ற கணக்கு. வசந்தத்தில் ஆண் ஸ்மால்மவுத் பாஸ் தண்ணீருக்கடியில் கூடு அமைத்து முட்டைகளைக் காவல் காக்கும். தூண்டிலில் அதைத் தூக்கிய சில நிமிடங்களுக்குள் மற்ற மீன்கள் வந்து முட்டைகளைத் தின்றுவிடும். அப்பனை முத்தம் கொடுத்துத் திருப்பி விட்டால் என்ன, திரும்பிப் போகையில் கூடு காலி. அதனால்தான் அங்கே சில பகுதிகளில் அந்தப் பருவத்தில் பாஸ் பிடிக்கவே தடை. வீடியோவில் இது வராது, மீன் தண்ணீருக்குள் போனதும் கட் பண்ணிவிடுவார்கள்.

நம்மிடமும் பிடித்து விட்டவர் ஒருவர் உண்டு. பெரியபுராணத்தின் அதிபத்த நாயனார், நாகப்பட்டினத்துப் பரதவர். கிடைப்பதில் ஒரு மீனை தினமும் சிவனுக்கென்று கடலில் விடுவார். வலையில் ஒரே மீன் விழும் நாட்கள் வந்தன. அதையும் விட்டார், குடும்பம் பட்டினி. கடைசியில் விழுந்தது பொன் மீன், அதையும் விட்டார். அவருடைய 'விடுதல்' அவரிடமிருந்து எதையோ எடுத்துக்கொண்டது. என்னுடையது எதை எடுத்தது? போட்டோ என்னிடம், புண் மீனிடம்.

திருக்குறளில் சூதாட்டத்தில் வரும் வெற்றியை, மீன் விழுங்கிய தூண்டில் முள்ளுக்கு ஒப்பிடுகிறார் வள்ளுவர். அவர் நிற்பது கரையில் இல்லை, மீனின் தொண்டைப் பக்கம்.

சரி, நான் சைவமா? இல்லை. வஞ்சிரம் வறுவல் என்றால் இரண்டு துண்டு கூடுதலாகக் கேட்பேன். வலையில் ஆயிரக்கணக்கில் மூச்சுத் திணறிச் செத்தவற்றைத் தின்றுவிட்டு, ஒற்றைக் கெண்டைக்காகக் கண்ணீர் விடுவது வேஷம் இல்லையா? நேர்மையான கேள்விதான், அதிலிருந்து நான் முழுசாகத் தப்பிக்கவும் முடியாது. ஆனால் ஒரு வித்தியாசம் தெரிகிறது. தின்பவனுக்கு மீனின் துடிப்பு தேவையே இல்லை. துடிக்காமல் செத்தால் அவனுக்கு இன்னும் நல்லது. எங்கள் ஊர்ப் பக்கம் கோடையில் கண்மாய் வற்றும்போது நடக்கும் மீன்பிடித் திருவிழாவில் அப்பா ஊத்தாவோடு இறங்குவார். ஊரே சிரித்துக் கூச்சல் போடும், ஆட்டம்தான். ஆனால் சாயங்காலம் வீட்டுக்கு வீடு குழம்பு கொதிக்கும். எனக்கோ துடிப்புதான் சரக்கு. அந்தக் கெண்டை எதிர்க்காமல் மரக்கட்டை மாதிரி வந்திருந்தால் நான் ராடை அன்றே விற்றிருப்பேன். தின்பவனிடம் "வேதனையைக் குறை" என்று சொல்லலாம், அவன் குறைத்த பிறகும் சாப்பாடு மிஞ்சும். என்னிடம் அதைச் சொன்னால் என் ஆட்டத்தில் மிஞ்ச எதுவுமில்லை.

இதுவரை சொல்லாத ஒன்று. அந்தக் கெண்டைக்கு முள் செவுள் வரை இறங்கியிருந்தது. நான் நோண்டி எடுத்தபோது ரத்தம் வந்தது. போட்டோவில் அது தெரியாதபடி திருப்பிப் பிடித்தேன். சாயங்காலம் அது வயிறு மேலாக மிதந்தது. பெரியவர்தான் குச்சியால் இழுத்து, செவுளைத் தூக்கிப் பார்த்து, "இன்னும் கெடல" என்றார். என்னைத் திட்டவில்லை.

ராத்திரி ஒரு தூக்குவாளியில் குழம்பு வந்தது. "வீணாப் போகக் கூடாதுல்ல தம்பி."

சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது. ராடு இப்போது பரணில் இருக்கிறது, இன்னும் விற்கவில்லை.