தட்டை மறிக்காதீர்கள், புகைபோக்கியை மறியுங்கள்

கனடாவின் வடபகுதியில் இருக்கிறது நூனாவிக். அங்கே கருவுற்ற பெண்ணுக்குச் சொல்லப்படும் அறிவுரை: பாதரசம் ஏறிய வெள்ளைத் திமிங்கில இறைச்சியைக் குறைத்துக்கொள். அது அவள் பாட்டி உண்டது, உறவினர் வேட்டையாடி ஊரோடு பங்கிட்டுக்கொள்வது. கடையில் கிடைக்கும் இறைச்சியோ தெற்கிலிருந்து வருவது. விலை கேட்டாலே நெஞ்சு அடைக்கும். அறிவுரையில் பிழையில்லை. சொல்லும் இடம்தான் பிழை. அதை நம்மிடம் சொல்லியிருக்க வேண்டும்.

அவள் ஊரில் நிலக்கரி எரிக்கும் மின்நிலையம் இல்லை. எங்கோ எரித்த நிலக்கரியிலிருந்து ஆவியான பாதரசம் மாதக்கணக்கில் காற்றில் உலகைச் சுற்றுகிறது. துருவத்தின் நீண்ட இரவு முடிந்து சூரியன் எழும்போது, உப்புப் பனியிலிருந்து கிளம்பும் புரோமின் அந்த ஆவியை மாற்றிப் பனியில் படியவைக்கிறது. இதை 1995-ல் அலெர்ட் என்ற ஆய்வு நிலையத்தில் முதன்முதலாகக் கண்டார்கள். படிந்ததில் ஒரு பங்கு காற்றுக்கே திரும்புகிறது. மிச்சத்தில் ஒரு பகுதியை நுண்ணுயிர்கள் உடலில் சேரும் நஞ்சான மெத்தில் பாதரசமாக்குகின்றன. மிதவை உயிரிலிருந்து மீனுக்கு, மீனிலிருந்து சீலுக்கும் திமிங்கிலத்துக்கும் போகப் போக நஞ்சு செறிகிறது. துருவ விலங்குகளின் உடலில் இன்றிருக்கும் பாதரசத்தில் 90 சதவீதத்துக்கு மேல் மனிதரால் வந்தது என்று கணித்திருக்கிறார்கள்.

அது வயிற்றுப் பிள்ளையை என்ன செய்யும்? வட அட்லாண்டிக் கடலில் இருக்கும் பரோயே தீவுகளைக் கேளுங்கள். 1986, 87-ல் அங்கே பிறந்த ஆயிரத்துச் சொச்சம் குழந்தைகளின் தொப்புள்கொடி இரத்தத்தில் பாதரசத்தை அளந்தார்கள். தாய்மார் பைலட் திமிங்கிலம் உண்டவர்கள். ஏழு வயதில் சோதித்தபோது, பாதரசம் கூடுதலாக ஏறிய பிள்ளைகள் மொழியிலும் கவனத்திலும் நினைவாற்றலிலும் பின்தங்கியிருந்தார்கள். 2008-ல் அத்தீவுகளின் தலைமை மருத்துவ அதிகாரிகள் திமிங்கிலத்தை உணவாகக் கொள்ளவே வேண்டாம் என்றார்கள். நூற்றாண்டுகளாக உண்ட உணவு ஒரு தலைமுறைக்குள் விலக்கானது. குற்றம் செய்தவர் ஒருவர், பத்தியம் இருப்பவர் வேறொருவர்!

இனி வரப்போவது இதைவிடக் கொடிது. வடக்கின் உறைமண்ணில் ஆயிரமாயிரம் ஆண்டுகளாகச் செடிகள் உறிஞ்சிச் சேர்த்த பாதரசம் பூட்டிக் கிடக்கிறது. எவ்வளவு என்பதில் கணக்குகள் ஒன்றுக்கொன்று வேறுபட்டாலும், எல்லாமே மிகப் பெரிய அளவையே காட்டுகின்றன. புவி சூடாக, அந்தப் பூட்டு இளகுகிறது. யூக்கான் ஆற்றின் கரைகள் சரிந்து மண்ணோடு பாதரசமும் நீரில் இறங்குகிறது. உருகிய நிலத்தில் தோன்றும் சதுப்புகளில், பாதரசத்தை மெத்தில் பாதரசமாக்கும் நுண்ணுயிர்களுக்கு நல்ல விளைச்சல்.

ஆகவே, புகைபோக்கியில் வடிகட்டி மாட்டிவிட்டோம், கடமை முடிந்தது என்று யாரும் கைகழுவ முடியாது. இந்தியாவில் நம் அனல்மின் நிலையங்கள் எவ்வளவு பாதரசம் வெளியிடலாம் என்பதற்கு 2015-ல் விதி வந்தது. அதை முழுதாக நிறைவேற்றச் சொல்லி வற்புறுத்துங்கள். ஆனால் வடிகட்டி பாதரசத்தைத்தான் பிடிக்கும், கரியமில வாயுவைப் பிடிக்காது. புதிய நஞ்சு நின்றாலும், அந்த வாயு ஏற்றும் சூட்டில் உறைமண்ணின் பழைய நஞ்சு வெளியேறும். நிலக்கரியையே விட்டால்தான் இரண்டும் அடங்கும். இன்று எழுப்பும் ஓர் அனல்மின் நிலையம் முப்பது, நாற்பது ஆண்டுகள் எரியும் என்பதை, அதைத் திறந்துவைக்கக் கத்தரிக்கோலோடு வருகிறவரிடம் நினைவூட்டுங்கள். இந்த ஆண்டே நினைவூட்டுங்கள்.

இன்னொன்று, பலருக்குக் கசக்கும். 2015-ல் மனிதர் காற்றில் கலந்த பாதரசம் சுமார் 2,220 டன் என்கிறது ஐ.நா. மதிப்பீடு. அதில் நிலக்கரியின் பங்கு ஐந்தில் ஒன்று. முதலிடம், ஏறத்தாழ 38 சதவீதம், சிறு தங்கச் சுரங்கங்களுக்கு: தாதுப்பொடியில் பாதரசம் கலந்து, பிறகு அதைச் சூடேற்றி ஆவியாக்கித் தங்கத்தைப் பிரிக்கிறார்கள். தங்கத்தின் மேல் நமக்கிருக்கும் ஆசை ஊரறிந்தது. அட்சய திருதியைக்குக் கடை வாசலில் நிற்கும்போது செய்கூலி, சேதாரத்தோடு இதையும் கேளுங்கள்: இது எந்தச் சுரங்கத்துத் தங்கம், பாதரசம் தொட்டதா? கடைக்காரர் விழிப்பார். விழிக்கட்டும். பத்துப் பேர் கேட்டால் அவர் தமக்கு விற்றவரைக் கேட்பார். பதில் வரும்வரை பழைய நகையை மாற்றிக்கொள்ளுங்கள்.