விலையில்லாக் கல்வியின் விலை

தமிழக அரசு 2011-ஆம் ஆண்டு மாணவர்களுக்கு மடிக்கணினி வழங்கத் தொடங்கியபோது ‘இலவச’ என்னும் அடைமொழியை விடுத்து, ‘விலையில்லா’ என்னும் அடைமொழியைக் கையாண்டது. இலவசம் என்ற சொல்லில் படிந்திருந்த, இரந்து பெறும் சாயலைத் துடைக்க அந்தச் சொல் ஓரளவு உதவிற்று எனலாம். ஆயினும் சொல் மாறியதால் அதனுள் கிடந்த வினா மறைந்துவிடவில்லை. கொடுப்பவர் விலை கேட்கவில்லை என்பதனாலேயே ஒரு பொருளுக்கு விலை இல்லை என்றாகிவிடுமா? அவர் கேளாத விலையை வேறெவரோ, கணக்கில் ஏறாத நாணயத்தில் செலுத்திக்கொண்டிருக்கிறாரா?

இவ்வினாவை மொழியியல் என்னும் துறையை முன்வைத்து எண்ணிப் பார்க்கலாம். மருத்துவத்தையோ கணினியையோ எடுத்துக்கொண்டால், வேலை கிடைக்கும் என்ற விடை குறுக்கே புகுந்து வினாவைக் கலைத்துவிடும். மொழியியலுக்கு அந்த வசதி இல்லை. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் போன்ற சில இடங்களில் அதற்குப் பெயர்பெற்ற துறைகள் உண்டு; ஆனால் இளங்கலை நிலையில் அதனைத் தனிப் பாடமாகக் கற்பிக்கும் கல்லூரிகள் நம் மாநிலத்தில் மிகச் சில. சிற்றூர் மாணவர் ஒருவர் அத்துறையின் பெயரைக் கேள்விப்படுவதே அரிது. கேள்விப்பட்டாலும், அதைப் படித்து என்ன செய்வது என்று வீட்டார் கேட்பர். அக்கேள்வி நியாயமானதே.

இன்றோ கதவு திறந்திருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியைச் சிகாகோ பல்கலைக்கழகம் கணினியில் ஏற்றி யாவர்க்கும் பொதுவாக வைத்திருக்கிறது. பரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பு அகராதியும் அங்கேயே காணக் கிடைக்கிறது. மாசாசூசெட்சுத் தொழில்நுட்பக் கழகம் தன் பாடங்களை உலகிற்குத் திறந்துவிடுவதாக 2001-இல் அறிவித்தது. அவற்றுள் மொழியியல் பாடங்களும் அடக்கம். அதே ஆண்டு தொடங்கப்பெற்று இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம் என வழங்கும் நிறுவனம் இலக்கணத்தையும் மொழி வரலாற்றையும் தமிழிலேயே தருகிறது. ஒரு கைப்பேசியும் சிறிது ஆங்கிலமும் இருந்தால் போதும் என்கிறார்கள்.

போதுமா என்று பார்ப்போம். சிவகாசிக்குத் தெற்கே வைப்பாற்றங்கரையில் உள்ள வெம்பக்கோட்டையில் ஒரு மாணவியை எண்ணிக்கொள்வோம். மாணவி கற்பனை, அவளைச் சூழ்ந்துள்ளவை கற்பனையல்ல. அவள் ஊருக்கு அருகே விஜயகரிசல்குளத்து மேட்டில் 2022 முதல் அகழாய்வு நடந்து, சங்கு வளையல்களும் மணிகளும் சுடுமண் உருவங்களும் வெளிப்பட்டன. அவ்வூர்களின் இன்றைய வாழ்வோ பட்டாசையும் தீப்பெட்டியையும் சார்ந்தது. குழாய் உருட்டுவதற்கும் திரி செருகுவதற்கும் பெட்டி ஒட்டுவதற்கும் எண்ணிக்கைப்படி கூலி. எண்ணிக்கைக்குக் கூலி என்பதன் பொருளை நகரத்து வாசகர் சற்று நின்று சிந்திக்க வேண்டும். மாதச் சம்பளக்காரரின் மாலைப் பொழுது அவருடையது. அதில் அவர் எதைப் படித்தாலும் வீட்டுக்கு இழப்பு ஏதுமில்லை. எண்ணிக்கைக் கூலி பெறும் வீட்டில் ஒவ்வொரு மணிநேரத்திற்கும் விலை எழுதப்பட்டிருக்கிறது. மகள் ஒலியனைப் பற்றிய ஒரு விரிவுரையைக் கேட்டு முடிக்கும் நேரத்தில் இத்தனை நூறு குழாய் உருண்டிருக்கும். அக்கணக்கை எவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. சொல்லாவிட்டாலும் அது அந்த அறையில் இருக்கிறது.

இந்த உண்மையை நம் நாட்டின் உச்ச நீதிமன்றம் ஒருமுறை ரூபாயிலேயே எழுதியது. சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் குறித்து எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று தீர்ப்பு வந்தது. சட்டத்தை மீறி வேலைக்கு அமர்த்திய ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் செலுத்த வேண்டும். குடும்பத்தில் வயதுவந்த ஒருவருக்கு அரசு வேலை தர வேண்டும், இயலாவிடில் தன் பங்காக 5,000 ரூபாய் சேர்க்க வேண்டும். அத்தொகையின் வட்டி, பிள்ளை பள்ளிக்குச் செல்லும்வரை குடும்பத்திற்குச் சேரும் என்பது அதன் சாரம். அத்தீர்ப்பு எந்த அளவுக்கு நிறைவேறியது என்பது வேறு செய்தி. இங்கே நமக்கு வேண்டியது அதன் அடியில் இருந்த தெளிவு. அரசுப் பள்ளியில் கட்டணம் இல்லை என்பதனால் மட்டும் பிள்ளை பள்ளிக்கு வந்துவிடாது. அதன் பகற்பொழுதை யாரேனும் மீட்டுத் தர வேண்டும் என்று நீதிபதிகள் கண்டுகொண்டனர். அறிவைத் திறந்துவைத்துவிட்டோம், இனி வந்து அள்ளிக்கொள்வது உங்கள் பாடு என்று இன்று பேசுவோர் அந்தத் தெளிவுக்கு முப்பது ஆண்டு பின்தங்கி நிற்கின்றனர்.

‘தானாகவே படித்தாள்’ என்று இத்தகைய மாணவியைப் பிற்பாடு பாராட்டுவார்கள். அன்போடு சொல்லப்படும் அப்பாராட்டில் ஒரு பொய் இருக்கிறது. அவள் தனியாகப் படித்திருக்கலாம், தானாகப் படிக்கவில்லை. அவள் விட்ட எண்ணிக்கையை வேறொரு கை ஈடு செய்தது. பெரும்பாலும் அது தாயின் கை. அந்தக் கை பகலில் எங்கே வேலை செய்கிறது என்பதையும் நினைக்க வேண்டும். 2024 பிப்ரவரி 17 அன்று வெம்பக்கோட்டை வட்டாரத்துப் பட்டாசு ஆலை ஒன்றில் நேர்ந்த வெடிவிபத்தில் பத்துப் பேர் மாண்டனர். விலையில்லாக் கல்வியின் விலை, சில வீடுகளில் உயிரையே பணயமாக வைத்துச் செலுத்தப்படுகிறது.

அப்படியானால் அந்த மணிநேரத்தை, சோறு போடாத ஒரு படிப்பில் செலவிடுவது முறையா? உண்மையான அறவினா இதுவே. பின்னால் வேலை கிடைக்கும் என்று சொல்லி இதனைத் தட்டிக் கழிப்பதை நான் விரும்பவில்லை, கிடைக்காமலும் போகலாம். அறிவு அறிவுக்காகவே என்ற விடை, பிறர் உழைப்பில் ஓய்வு பெற்றவர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவரும் விடை. அதையும் இங்கே எளிதாகச் சொல்லிவிட முடியாது. அவள் என்ன கற்கிறாள் என்பதைக் கொஞ்சம் உள்ளே சென்று பார்த்தாலன்றி இதற்கு விடை கூறல் இயலாது.

தாய் ‘குடம்’ என்பதில்லை, ‘கொடம்’ என்கிறாள். இடம் அவளுக்கு ‘எடம்’, உடம்பு ‘ஒடம்பு’, விலை ‘வெல’. பள்ளியில் இவையெல்லாம் கொச்சை. சிவப்பு மையால் சுழிக்கப்பட வேண்டியவை. ஆனால் அதே தாய், குடியைக் ‘கொடி’ என்பதில்லை. இடியை ‘எடி’ என்பதில்லை. ஏன்? அடுத்த அசையில் அகரமோ ஐகாரமோ வந்தால் மட்டுமே முதலசையின் இகரம் எகரமாகிறது, உகரம் ஒகரமாகிறது. இடையில் ஒற்று இரட்டித்தால் அப்போதும் மாறுவதில்லை. குப்பை ‘கொப்பை’ ஆவதில்லை. இவ்விதியைத் தாய்க்கு எவரும் கற்பிக்கவில்லை. அவள் அதில் தவறுவதுமில்லை. பிழையென்று நாம் நினைத்தது ஓர் ஒழுங்கு.

கதை அங்கே நிற்பதில்லை. கரிசல் நிலத்தின் பல ஊர்களில் ஒரு வீட்டில் தமிழும் அடுத்த வீட்டில் தெலுங்கும் பேசப்படுவதை நாம் அறிவோம். விலைக்குத் தெலுங்கில் ‘வெல’ என்றே பெயர். உடலுக்கு ‘ஒடலு’ என்று ஒரு பழஞ்சொல் உண்டு. தாயின் வாயில் கொச்சையென இகழப்பட்ட அதே ஒலி, அண்டை வீட்டாரின் மொழியில் ஏட்டுச் சொல்லாகவே வீற்றிருக்கிறது. தென்திராவிட மொழிகளில் இகரமும் எகரமும், உகரமும் ஒகரமும் இவ்வாறு மாறி நிற்பதைப் பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி ஆராய்ந்து 1958-இல் கட்டுரையாக வெளியிட்டார். அதனை அறிந்த மாணவிக்குத் தன் தாயின் பேச்சு வேறாக ஒலிக்கத் தொடங்கும். ஆங்கிலம் கலவாத, எழுத்துநடை வாராத தன் வீட்டுப் பேச்சை எண்ணி நாணும்படி பழக்கப்பட்ட பிள்ளைகள் எத்தனை பேர்! அந்த நாணம் நீங்குவதைக் கூலிக்கணக்கில் எந்தத் தலைப்பில் எழுதுவது? எனக்கு இது பெரிய ஊதியமாகவே தோன்றுகிறது. தாய்க்குரிய மதிப்பு மகளுக்குள் அந்த மணிநேரத்தில் திரும்பி வருகிறது.

இனி, கேளாமலே கொடுத்தவர்கள் பக்கம் திரும்புவோம். முத்துக்குளித்துறையில் உழைத்த அண்டிரிக் அடிகளார், 1549-ஆம் ஆண்டையொட்டித் தமிழ்ப் பேச்சுக்குப் போர்த்துக்கீசிய மொழியில் ஓர் இலக்கணம் எழுதினார். தமக்குப் பின் வருவோர் தாம் பட்ட பாட்டைப் படவேண்டாம் என்பதே அத்தகைய நூலின் நோக்கம். 1578-இல் கொல்லத்தில் தம்பிரான் வணக்கத்தை அச்சில் ஏற்றிய அவர், இந்த இலக்கணத்தை அச்சில் காணவில்லை. கையெழுத்துப் படியாகவே அது லிஸ்பனில் கிடந்தது. கரிசல் சீமைக்கு அருகில் காமநாயக்கன்பட்டியில் பணிபுரிந்த வீரமாமுனிவரோ, 1728-இல் கொடுந்தமிழுக்கு, அதாவது மக்கள் வழக்குக்கு, இலத்தீனில் இலக்கணம் செய்தார். அதனை 1738-இல் அச்சிட்டவர்கள் தரங்கம்பாடி லுத்தரன் சபையார்! அவர்களுக்கும் முனிவருக்கும் கடுமையான சமயச் சொற்போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. இலக்கணம் மட்டும் வேலியைத் தாண்டிச் சென்றது. ஒருவரையொருவர் மறுத்து நூல் எழுதிக்கொண்டே ஒருவர் நூலை மற்றவர் அச்சிட்ட அந்தப் பெருந்தன்மையை நாம் போதுமான அளவு நினைப்பதில்லை.

அண்மைக் காலத்திலும் இவ்வழக்கம் அறவில்லை. 1998-ஆம் ஆண்டு பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில், சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரமும் உலகெங்கும் சிதறியிருந்த தமிழரும் பழைய நூல்களைத் தாமே தட்டச்சு செய்து, மெய்ப்புப் பார்த்து, எவர் வேண்டுமாயினும் எடுத்துக்கொள்ளும்படி வைத்தனர். அலுவல் முடிந்த பின் கிடைத்த இரவுப் பொழுது அது. ஆகவே கொடுத்தவர் பக்கமும் மணிநேரங்களே செலவாயின. ஒரு பக்கம் பலருடைய இரவுகள். மறுபக்கம் ஒரு தாயின் இரவு. இடையில் இருப்பதைத்தான் விலையில்லாதது என்கிறோம்.

இத்தகைய கடனைக் கொடுத்தவருக்கே திருப்பித் தர வழியில்லை. பேரகராதியின் தொகுப்பாளர்கள் மறைந்து பல்லாண்டுகள் ஆயின. எனினும் வெம்பக்கோட்டை மாணவியிடம், சிகாகோவில் இல்லாத ஒன்று இருக்கிறது. பேரகராதி மத்தாப்பை அறியும். நிலவொளியைக் குறிக்கும் பாரசீகச் சொல்லின் வழிவந்தது அது. வாணத்தையும் அறியும், அம்பு என்னும் பொருளுடைய வடசொல் அதன் மூலம். ஆனால் அகராதிப் பணி நடந்துகொண்டிருந்த 1923-இல்தான், கல்கத்தா சென்று தொழில் கற்றுத் திரும்பிய அய்ய நாடாரும் சண்முக நாடாரும் சிவகாசியில் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கினர். அதன்பின் ஒரு நூற்றாண்டாகத் தொழிற்கூடங்களிலும் திண்ணைகளிலும் பிறந்த சொற்களை, ஒவ்வொரு கைவேலைக்கும் ஒவ்வொரு கருவிக்கும் ஒவ்வொரு பழுதுக்கும் இம்மக்கள் இட்ட பெயர்களை, அந்த ஆறு தொகுதிகள் எவ்வாறு அறியும்? அவை அழியவும் தொடங்கிவிட்டன. 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் சரவெடிக்குத் தடை விதித்தது. அதற்கான காரணங்கள் இருந்தன. ஆனால் சரம் பின்னிய விரல்கள் ஓயும்போது அவ்வேலையின் சொற்களும் ஓய்ந்துவிடும்.

கரிசல் நாட்டில் இதற்கு முன்னோடி உண்டு. இடைசெவலில் பிறந்த கி. ராஜநாராயணன் உயர்கல்வி பெற்றவரல்லர். வீட்டு மொழி தெலுங்கு. அவரே நண்பர்களின் துணையோடு கரிசல் வழக்குச் சொற்களைத் திரட்டி, 1982-இல் அகராதியாகத் தந்தார். பின்னர் புதுவைப் பல்கலைக்கழகம் அவரைப் பேராசிரியராக அழைத்து அமர்த்தியது. இணையம் இல்லை, மொழியியல் பட்டம் இல்லை, செவி இருந்தது.

ஓர் எச்சரிக்கையும் தேவை. சொல் திரட்டுவோர் பலர், சொன்னவரை மறந்துவிடுகின்றனர். ஆய்வேட்டில் ‘தகவலாளர்’ என்ற பெயரற்ற தலைப்பின்கீழ் அவர் மறைந்துபோகிறார். அண்டிரிக் அடிகளாருக்குச் சொல் சொல்லிக் கொடுத்த கடற்கரை மக்களில் எத்தனை பேரை நாம் அறிவோம்? தாயின் பேச்சைக் கைப்பேசியில் பதியும் மகள், முதலில் இசைவு கேட்க வேண்டும். பதிந்ததை அவளுக்குப் போட்டுக் காட்ட வேண்டும். வேண்டாம் என்று அவள் சொல்லும் பகுதியை அழித்துவிட வேண்டும். விபத்தைப் பற்றிய பேச்சு அதில் வரும். முதலாளியைப் பற்றிய பேச்சும் வரும். மொழிச் சான்று என்ற பெயரில் அவற்றை ஊரறிய வைக்க எவருக்கும் உரிமை இல்லை. கேட்கும் நேரமும் கூலி நேரமே என்பதால், கேட்பவளும் உட்கார்ந்து குழாய் உருட்டிக்கொண்டே கேட்பதுதான் முறையாகும்.

அப்போது அந்தத் தாய் கேட்கக்கூடும்: “இதெல்லாம் எதுக்குத் தாயி எழுதுற? இதுக்கு என்ன வெல?” அகரம் பின்வந்ததால் இகரம் எகரமாயிற்று என்பது மகளுக்கு இப்போது தெரியும். கேள்விக்கு விடையை அவள் இன்னும் தேட வேண்டியிருக்கும்.