எழுத்துக்கு உரியவர் யார்?

ஈய எழுத்துக்களை ஒவ்வொன்றாகக் கோத்து, மை தடவி, காகிதத்தில் அழுத்தி அச்சிடும் பழைய கைத்தொழிலைக் கணினி ஆட்சி செய்யும் இந்நாளிலும் இங்கிலாந்து, அமெரிக்கா முதலிய நாடுகளில் பலர் விரும்பிக் கற்று வருகின்றனர். இவ்வாறு ஒரு தொழிலை மீட்பவர் அதனைத் தம் உடைமையாகக் கொள்வதா, அடுத்தவரிடம் ஒப்புவிக்க வேண்டிய அமானிதமாகக் கொள்வதா? லண்டனில் நடந்த ஒரு நிகழ்ச்சி இவ்வினாவைத் தெளிவாக்குகிறது.

1891இல் வில்லியம் மோரிஸ் கெல்ம்ஸ்காட் அச்சகத்தைத் தொடங்கி, இயந்திர வேகத்தில் அழகிழந்திருந்த நூலச்சுக்கு மறுவாழ்வு தந்தார். அவ்வழியில் 1900இல் கோப்டன்-சாண்டர்சனும் எமரி வாக்கரும் கூட்டாக டவ்ஸ் அச்சகத்தை நிறுவித் தமக்கெனத் தனி எழுத்தொன்றை வார்ப்பித்தனர். படங்களின் துணையின்றி, எழுத்தின் செம்மையாலேயே அவர்களுடைய ஐந்து தொகுதி பைபிள் புகழ் பெற்றது.

பின்னர்க் கூட்டு முறிந்தது. கோப்டன்-சாண்டர்சனின் ஆயுளுக்குப் பின் எழுத்துக்கள் வாக்கரைச் சேரும் என்பது உடன்பாடு. ஆனால், அவை இயந்திர அச்சுக்கு இரையாகுமே என்று அஞ்சிய அவர், 1913இல் வார்ப்பு அச்சுகளையும், 1916-1917இல் ஒரு டன்னுக்கும் மேற்பட்ட எழுத்துக்களையும் இரவோடிரவாகத் தேம்ஸ் நதியில் எறிந்துவிட்டார். அப்போது அவர் எழுபத்தைந்து வயதைக் கடந்தவர்.

அழகு மலிந்துவிடுமே என்னும் அச்சத்தை நாம் இகழவில்லை. மலிவான அச்சு கண்களுக்கு இழைத்த கொடுமை மெய்யே. எனினும், அவ்வச்சம் கொடுத்த வாக்கை முறிக்க உரிமை தந்துவிடுமா? மேலும், அவ்வெழுத்தின் வடிவம் அவர் படைத்ததுமன்று. பதினைந்தாம் நூற்றாண்டில் வெனிஸ் நகரில் அச்சிட்ட நிக்கோலா ஜென்சனின் எழுத்தை முன்மாதிரியாகக் கொண்டது. முன்னோரிடம் தடையின்றிப் பெற்றவர் பின்னோருக்குத் தடை விதித்தல் நீதியாகுமா?

ராபர்ட் கிரீன் என்னும் வடிவமைப்பாளர், டவ்ஸ் நூல்களின் பக்கங்களைக் கொண்டே அவ்வெழுத்தைக் கணினியில் மீட்டெடுத்தார். 2014இல் நதியடியிலிருந்து சுமார் 150 எழுத்துக்களும் கிடைத்தன. இயந்திரத்துக்கு அஞ்சி மறைத்ததை இயந்திரமே காத்தது. அவர் மக்களுக்குக் கொடுத்த ஏடுகள் அவ்வெழுத்தைக் காத்தன. கொடுக்க மறுத்த ஈயமோ சேற்றில் புதைந்தது.

ஆகவே, இன்று அச்சுக்கலையை மீட்போர் தம் பொறிகளைக் காட்சிப் பொருளாக்கிப் பூட்டி வைப்பதினும், அதனை இயக்க ஓர் இளைஞனுக்குக் கற்பிப்பதே அக்கலைக்குச் செய்யும் கடமையாகும் என்பது நம் துணிபு.